சின்னப் பிள்ளைகளோடு குகைக்குள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

குகைக்குள் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் திரும்பி வர இன்னோர் அடி இருக்கிறது. மலையில் பிள்ளை களைத்துப்போனால் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். பெரியவரே தவழ்ந்து போகும் இடத்தில் யாரையும் தூக்க வழியில்லை, அந்தப் பிள்ளை தன் கைகாலால்தான் வெளியே வந்தாக வேண்டும். எந்தக் குகை, எவ்வளவு நேரம், எத்தனை பெரியவர்கள், பையில் என்ன என்று கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு காரணத்தைச் சுற்றியே வருகிறது.

எந்த வயதுக்கு எந்தக் குகை

மூன்று வயது வரை, படிக்கட்டும் கைப்பிடியும் மின்விளக்கும் போட்ட சுற்றுலாக் குகை போதும். முதுகில் மாட்டும் குழந்தைப் பையை எடுத்துப்போகாதீர்கள். தாழ்ந்த கூரை வரும்போது சுமக்கிறவர் குனிந்துவிடுவார், பிள்ளையின் தலை பாறையில் இடிக்கும். நெஞ்சோடு அணைத்துக் கட்டும் துணி இதைவிடப் பரவாயில்லை. ஆனால் உங்கள் காலடி உங்களுக்கே தெரியாது என்பதால், ஈரப் படிகளில் இன்னொருவர் ஒரு படி முன்னால் இறங்கட்டும். தள்ளுவண்டியைப் பெரும்பாலான இடங்களில் உள்ளே விடமாட்டார்கள்.

சுற்றுலாக் குகைதானே என்று குறைவாக நினைக்க வேண்டாம். ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகைக்குள் 1872 முதலே தண்டவாளம் இருக்கிறது, குழந்தைகளுக்கு அந்த ரயில் பயணமே பாதித் திருவிழா. வழிகாட்டி அங்கேயே இருப்பார், வழி தவறாது. உங்கள் பிள்ளை இருட்டையும் எதிரொலியையும் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டு மூன்று சுற்றுலாக் குகைகளைப் பார்த்துவிட்டு, "இன்னும் உள்ளே போகலாமா?" என்று பிள்ளையே கேட்ட பிறகு இயற்கைக் குகையை யோசியுங்கள்.

நாலிலிருந்து ஆறு வயது வரை, நின்றபடியே நடந்து போகக்கூடிய, ஒரே வழியுள்ள, ஓடை இல்லாத குகையில் மொத்தம் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். ஏழு வயதுக்கு மேல் தவழும் இடங்கள் கொஞ்சம் சேரலாம், ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி வரை போகலாம். இந்த வயதுக் கணக்கு தோராயமானதுதான். சொன்னதும் நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளையை நம்பிக் கூட்டிப்போகலாம், சொல்லச் சொல்ல ஓடும் ஒன்பது வயதுப் பிள்ளையை இன்னும் ஒரு வருடம் கழித்துக் கூட்டிப்போவது நல்லது.

சிறு பிள்ளைகளோடு அறவே வேண்டாத இடங்கள்: கயிறு போட்டு இறங்கும் குகை, ஓடை ஓடும் குகை, அலை ஏறும் கடலோரக் குகை, கைவிட்ட சுரங்கம். பார்வைக்குச் சுரங்கமும் குகை போலவே இருக்கும். ஆனால் அதன் கூரையை மனிதன் வெட்டி மரம் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறான். அந்த மரம் உளுத்துப்போயிருக்கும், தரையில் மூடாத செங்குத்துக் குழிகள் இருக்கும்.

முன்னால் ஒரு முறை, பிள்ளைகள் இல்லாமல்

தேர்ந்தெடுத்த குகைக்குள் பெரியவர்கள் மட்டும், அதை ஏற்கெனவே அறிந்த ஒருவரோடு போய்ப் பாருங்கள். பக்கத்தில் குகை ஆய்வுக் கழகம் இருந்தால் அவர்களிடம் கேட்பதுதான் நேர்வழி. நிலத்துக்குச் சொந்தக்காரரிடமோ வனத்துறையிடமோ அனுமதி வாங்க வேண்டியதும் இப்போதுதான்.

பார்க்கும்போது முட்டி போட்டுப் பிள்ளையின் உயரத்தில் நின்று பாருங்கள். உங்கள் முழங்காலளவுத் தண்ணீர் நாலு வயதுப் பிள்ளைக்கு இடுப்பளவு. நீங்கள் சாதாரணமாகத் தாண்டும் பிளவு அதற்குக் காலே எட்டாத பள்ளம். வழுக்கும் சரிவு, பக்கவாட்டில் பிரியும் பொந்து, உட்கார்ந்து தின்ன வசதியான உலர்ந்த மேடை எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர் பத்து நிமிடத்தில் கடப்பதைப் பிள்ளை இருபது முப்பது நிமிடத்தில் கடக்கும். வழியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் அது நின்று பார்க்கும், அதற்கு விட்டுக்கொடுங்கள்.

ஆட்கணக்கு

குகைக்குள் நாலு பேருக்குக் குறையாமல் போவது பழைய பழக்கம். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருப்பார், இருவர் வெளியே போய் உதவி கேட்பார்கள். குடும்பமாகப் போகும்போது இந்தக் கணக்கில் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது. ஆறு வயதுக்குக் கீழே பிள்ளைக்கொரு பெரியவர், அதற்கு மேல் இரண்டு பிள்ளைக்கு ஒருவர். எத்தனை பிள்ளையானாலும் பெரியவர்கள் நாலு பேருக்குக் குறையக் கூடாது. வரிசையில் முதலிலும் கடைசியிலும் பெரியவர்களே. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போகிறவர் நின்று, பின்னால் வருகிறவரின் விளக்கைக் கண்ணால் பார்த்த பிறகே நகர வேண்டும்.

ஹெல்மெட்டும் விளக்கும்

பிள்ளைக்கு வாங்கும் பொருட்களில் கவனம் முழுவதும் இந்த இரண்டுக்கும் போகட்டும். ஹெல்மெட் பாறை ஏறுகிறவர்கள் போடும் வகையாக இருக்க வேண்டும், ஐரோப்பியத் தர எண் இஎன் 12492. சைக்கிள் ஹெல்மெட் ஒரே ஒரு பலத்த மோதலைத் தாங்கச் செய்தது. குகையில் தலை இருபது முறை லேசாக இடிக்கும், மேலிருந்து சின்னக் கல் விழலாம், அதன் பெரிய காற்றுத் துளைகள் வழியே கல்லின் கூர் உள்ளே வரும்.

அளவு பார்க்கும் முறை: புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, மட்டமாக உட்கார வேண்டும். தாடை வாரை மாட்டாமல் தலையை முன்னால் கவிழ்த்து ஆட்டச் சொல்லுங்கள். கழன்று விழுந்தால் பின்பட்டையை இறுக்குங்கள், இறுக்கியும் விழுந்தால் அது பெரிய அளவு. வார் மாட்டியபின் தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம். இரண்டு விரல் நுழைந்தால் தளர்வு. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரிய அளவில் வாங்கினால், தவழும்போது ஹெல்மெட் கண்ணை மறைத்து, பிள்ளை ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வரும். தரையில் ஊன்ற வேண்டிய கை அது.

விளக்கு ஆளுக்கு மூன்று, ஒன்றையொன்று சாராதவை. முதலாவது ஹெல்மெட்டில். எலாஸ்டிக் பட்டை மட்டும் போட்டால் வழுவழுப்பான ஓட்டிலிருந்து நழுவிவிடும், ஹெல்மெட்டில் இருக்கும் நாலு கொக்கிகளிலும் மாட்டுங்கள். கொக்கி இல்லையென்றால் அகலமான பிசின் நாடா போதும். இரண்டாவது பிள்ளையின் ஜிப் வைத்த பாக்கெட்டில். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடக் கூடாது, தவழும்போது அது பாறை முனையில் மாட்டி இறுக்கும். விசில், அடையாள அட்டை, மாலை எதுவானாலும் இதே விதிதான். மூன்றாவது பெரியவர் பையில். செல்போன் வெளிச்சத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிள்ளையின் விளக்குக்கு 100 முதல் 200 லூமென் தாராளம். அதற்கு மேல் போனால், பிள்ளை திரும்பும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் கண் கூசும். பேசும்போது எதிரிலிருப்பவரின் நெஞ்சைப் பார்த்துப் பேசப் பழக்குங்கள். புது பேட்டரியைக் குகை வாசலில் போடுங்கள், ஏனென்றால் வீட்டிலிருந்து குகை வாசல் வரை அந்த விளக்கு பிள்ளையின் கையில் எரிந்துகொண்டேதான் வரும். மாற்று பேட்டரிகளை ஒரு விளக்குக்கு வேண்டிய எண்ணிக்கையில் நாடா சுற்றிக் கட்டாக வையுங்கள். வீட்டில் ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கண்ணால் பார்க்காமல் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். எந்த முனை எந்தப் பக்கம் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உடை

குகைக்குள் வெப்பநிலை, வெளியே அந்த இடத்தின் ஆண்டு சராசரிக்குப் பக்கத்தில் நிற்கும். குளிர்நாட்டில் 8 முதல் 13 டிகிரி செல்சியஸ், வெப்பநாட்டில் இருபதுக்கு மேல். ஈரப்பதம் ஏறக்குறைய நூறு சதவீதம் என்பதால் நனைந்த துணி உள்ளே காயவே காயாது. ஜீன்ஸும் பருத்திப் பனியனும் தண்ணீரை உறிஞ்சி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை இழுத்துவிடும். பாலியஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடை, அதன்மேல் உடம்பு முழுக்க மூடும் ஒற்றை உடுப்பு நல்லது. சட்டையும் பேன்ட்டும் தனித்தனியாக இருந்தால் தவழும்போது சட்டை மேலே ஏறி வயிறு கல்லில் உரசும்.

முட்டிக்கு வாலிபால் ஆடுகிறவர்கள் போடும் மெத்துப் பட்டை போதும், அதைப் பேன்ட்டுக்குள் போட்டால் நழுவாது. உள்ளங்கையில் ரப்பர் பூச்சுள்ள தோட்ட வேலைக் கையுறை, ஆழமான வரிப்பள்ளம் உள்ள ரப்பர் பூட்ஸ், தடித்த காலுறை. செருப்பும் வழுவழுத்த அடியுள்ள ஷூவும் வேண்டாம்.

பையில் இருக்க வேண்டியவை

ஒரு பிள்ளைக்கு அரை லிட்டர் தண்ணீர், உடனே தெம்பு தரும் தின்பண்டம், நீர் புகாத பையில் ஒரு செட் உலர்ந்த உள்ளாடையும் தொப்பியும், முதலுதவிப் பொருட்கள், பளபளக்கும் அவசரப் போர்வை, இரண்டு பெரிய குப்பைப் பைகள். முகத்துக்கும் கைகளுக்கும் ஓட்டை வெட்டினால் குப்பைப் பை நல்ல குளிர்ச்சட்டை. பிள்ளைக்குப் போடும்போது தலை வெளியே இருக்க வேண்டும், பெரியவர் கண் எடுக்கக் கூடாது.

உதிராத தின்பண்டமாகப் பாருங்கள். விரித்த துணிமேல் உட்கார்ந்து சாப்பிட்டு, துணியை அப்படியே மடித்து எடுத்துவாருங்கள். உணவே அபூர்வமான இருட்டில் வாழும் பூச்சிகளின் உலகத்தை ஒரு கைப்பிடிப் பொரி மாற்றிவிடும்.

கழிப்பறைக்கு வாசலிலேயே எல்லோரும் போய்வர வேண்டும். போன பத்தாவது நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு மறுபடியும் வரும், அதற்கு வாயகன்ற மூடிபோட்ட பாட்டில் வேண்டும். பெரிய தேவைக்கு இரட்டை ஜிப் பையும் ஈரத்துணியும். எதையும் உள்ளே விட்டுவரக் கூடாது.

வெளியே ஒருவர்

கூட வராத ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: குகையின் பெயர், வாசலுக்குப் போகும் வழி, வண்டி நிற்கும் இடம், எத்தனை பேர், பிள்ளைகளின் வயது, வெளியே வரும் நேரம், அதற்கு மேல் எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிட வேண்டும். இரண்டு நேரத்துக்கும் நடுவே ஒரு மணி இரண்டு மணி இடைவெளி விடுங்கள். வெளியே வந்ததும் முதல் போன் இவருக்குத்தான். உள்ளே செல்போன் சிக்னல் இருக்காது என்பதால் இதற்கு மாற்று கிடையாது.

மழை

2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களின் பயிற்சியாளரும் போனார்கள். பெய்த மழையில் வெள்ளம் வழியை அடைத்தது. அவர்கள் அனைவரும் வெளியே வர ஜூலை 10 ஆனது. சுண்ணாம்புக்கல் மலையில் மேலே பெய்யும் மழை பிளவுகள் வழியே நேரே குகைக்குள் இறங்கும், தூரத்து மழை தாமதமாகவும் வந்து சேரும். ஆகவே குகைக்கு மேலே உள்ள நிலம் முழுவதுக்கும் வானிலை பாருங்கள், முந்தைய இரண்டு நாள் மழையையும் சேர்த்து. சந்தேகம் வந்தால் அன்றைக்குப் போகாதீர்கள்.

கூரைப் பிளவில் சருகும் குச்சியும் செருகியிருந்தால் வெள்ளம் அங்கே வரை வந்திருக்கிறது என்று பொருள். உள்ளே இருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினால், நுரையும் இலையும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் உடனே வெளியே கிளம்புங்கள். வழி ஏற்கெனவே அடைபட்டிருந்தால் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டாம். எட்டும் மட்டும் உயரமான உலர்ந்த இடத்தில் பிள்ளைகளை நடுவில் வைத்து நெருங்கி உட்கார்ந்து காத்திருங்கள்.

உள்ளே

மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் திரும்ப வேண்டும். ஒரு மணி நேரத் திட்டமென்றால் இருபதாவது நிமிடத்தில். அடுத்த திருப்பத்தில் அழகான கூடம் இருக்கிறது என்று தெரிந்தாலும் சரி. திரும்பும் வழியில் பிள்ளை களைத்திருக்கும், ஏறும்போது எளிதாக இருந்த பாறை இறங்கும்போது பயமாக இருக்கும், அந்த மீதி நேரம் அதற்குத்தான்.

நடக்கும் முறையைப் பிள்ளைக்கு வாசலிலேயே சொல்லிக்கொடுங்கள். இரண்டு கை, இரண்டு கால் என்ற நாலில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும். சரிவில் உட்கார்ந்து நகர வேண்டும். குதிப்பதும் ஓடுவதும் கிடையாது. ஒவ்வொரு பிரிவிலும் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள், திரும்பி வரும்போது அதே இடம் வேறு மாதிரித் தெரியும். "நாம் எந்தப் பக்கமிருந்து வந்தோம்?" என்று கேட்டால் பிள்ளைகள் போட்டி போட்டுக் காட்டுவார்கள்.

மிகவும் முக்கியமான ஒன்று: பிள்ளை நுழையும், பெரியவர் நுழையாத இடுக்கில் பிள்ளையை விடவே கூடாது. "எட்டிப் பார்த்துச் சொல்லு" என்று அனுப்பும் ஆசை பெரியவர்களுக்கு வரும். அந்தப் பக்கம் பள்ளம் இருந்தாலோ, பிள்ளை பயந்து உறைந்துபோனாலோ நீங்கள் கை நீட்டவும் முடியாது. பெரியவர் முதலில் போய்ப் பார்த்த இடத்துக்கு மட்டுமே பிள்ளை. கீழ்நோக்கிச் சரியும் இடுக்கில் எப்போதும் கால் முன்னால். தலை முன்னால் நுழைந்தவர் பின்னால் ஏறி வருவது பெரியவருக்கே கடினம்.

பயத்தை முன்கூட்டியே பழக்கிவிடலாம். வீட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு மேலே போர்வை மூடி, ஹெல்மெட்டும் விளக்குமாக ஒரு வாரம் தவழ விடுங்கள். குகைக்குள் உலர்ந்த மேடையில் எல்லோரும் உட்கார்ந்து கைகோத்தபின், பிள்ளைகள் சம்மதித்தால் பத்து எண்ணும் வரை விளக்குகளை அணைக்கலாம். முகத்துக்கு நேரே ஆட்டிய கை தெரியாத அந்த இருட்டும், எங்கோ சொட்டும் தண்ணீரும் அவர்களுக்கு வருடக்கணக்கில் நினைவிருக்கும். ஒரு பிள்ளை வேண்டாம் என்றாலும் அன்று அணைக்க வேண்டாம். அழுதால் சமாதானப்படுத்தி மேலே நடத்தாமல் திரும்புங்கள். கட்டாயப்படுத்திக் கூட்டிப்போன பிள்ளை அடுத்த முறை வாசலிலேயே நின்றுவிடும்.

குளிரும் காற்றும்

பிள்ளையின் உடல் எடைக்குத் தோல் பரப்பு அதிகம், அதனால் பெரியவரைவிடச் சீக்கிரம் சூடு இழக்கும். வாயாடிப் பிள்ளை திடீரென்று அமைதியானால், சிடுசிடுத்தால், கால் இடறினால் குளிர் ஏறுகிறது. "குளிரவில்லை" என்று அது சொல்வதை நம்பாதீர்கள். கழுத்துக்கு உள்ளே தொட்டுப் பாருங்கள். நனைந்ததை மாற்றி, தொப்பி போட்டு, இனிப்பு எதையாவது கொடுத்து, உடனே வெளியே நடத்துங்கள்.

கார்பன் டைஆக்சைடு வெளிக்காற்றில் சுமார் 0.04 சதவீதம்தான். காற்றோட்டமில்லாத குகைகளில், அதுவும் இலைதழை அழுகும் பள்ளங்களில், அது பல மடங்காகச் சேரும். காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்ந்த இடத்தில் தேங்கும், அந்த உயரத்தில்தான் பிள்ளையின் மூக்கு இருக்கிறது. ஓடாமல் ஆடாமல் மூச்சு வாங்குவது, தலைவலி, தலைசுற்றல் என்று யாரிடமாவது தெரிந்தால் பேசிக்கொண்டிருக்காமல் வந்த வழியே திரும்புங்கள். மெழுகுவர்த்தி எரிகிறதா என்று பார்ப்பது போதாது. ஆளை வருத்தும் அளவு சேர்ந்த பிறகும் சுடர் எரிந்துகொண்டிருக்கலாம்.

வெளவாலும் கல்விழுதும்

வெளவால்கள் குளிர்காலத்தில் உறங்கும் குகைக்கும், குட்டி போட்டு வளர்க்கும் குகைக்கும் அந்தப் பருவத்தில் போகாதீர்கள். உறக்கம் கலைந்த ஒவ்வொரு முறையும் அவை சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவழிக்கின்றன, வசந்தம் வரும் வரை அது போதாமல் போகும். கீழே விழுந்து கிடக்கும் வெளவாலைப் பிள்ளை தொட்டுவிட்டால், கீறல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்கு மருத்துவரிடம் போங்கள். உலர்ந்த எச்சம் தூசாகப் பறக்கும் குகையில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை நுரையீரலுக்குள் போகலாம். கைக்குழந்தைகளுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இது கூடுதல் ஆபத்து, அவர்களை அங்கே கூட்டிப்போகவே வேண்டாம்.

கூரையிலிருந்து தொங்கும் ஸ்டாலக்டைட் என்ற கல்விழுது பல குகைகளில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. பிள்ளையின் சுண்டுவிரல் நீளத்துக்கு வளர ஐந்நூறு ஆண்டு ஆகும். கைப்பிசுக்கு பட்ட இடம் கறுத்துவிடும், மேலே வரும் சுண்ணாம்பு அங்கே ஒட்டாது. தொடாதே என்று நூறு தரம் சொல்வதைவிட, "இங்கே தொடலாம், அங்கே கண்ணால் மட்டும்" என்று முன்கூட்டியே இடத்தைக் காட்டிவிட்டால் பிள்ளைகள் தாங்களே காவல் காப்பார்கள்.

வெளியே வந்தபின்

வாசலில் தலை எண்ணி, விளக்கு எண்ணி, எழுதிக் கொடுத்தவருக்குப் போன் செய்யுங்கள். பிறகு உடை மாற்றுங்கள், சேற்றுடையைத் தனிப்பையில் கட்டுங்கள், ஓடையில் அலசாதீர்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் 2006 குளிர்காலத்தில் முதலில் பதிவான வெண்மூக்கு நோய் பல லட்சம் வெளவால்களைக் கொன்றது. அந்த நோயைத் தரும் பூஞ்சை உடையிலும் பூட்ஸிலும் ஒட்டிக் குகைக்குக் குகை போகக்கூடியது. சேற்றைத் தேய்த்துக் கழுவி, தாங்கும் பொருட்களை 55 டிகிரி வெந்நீரில் குறைந்தது 20 நிமிடம் முழுக்க முக்கி வைத்துக் காயப்போடுங்கள். ஹெல்மெட்டுக்கு அதன் தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி மட்டும் செய்யுங்கள், சூடும் ரசாயனமும் உள் நுரையையும் வாரையும் கெடுத்துவிடும். விளக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஹெல்மெட் ஓட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், இருந்தால் அதைத் தூக்கிப்போட்டுவிடுங்கள்.